கிராம் கணக்கு: பேங்காக் போய்வந்த ஒரு பையனும் கஞ்சாவின் நீண்ட கதையும்

"அண்ணே, அங்கே கடை போட்டு விக்கிறான். பச்சை இலை படம் போட்டு, லைட்டு போட்டு விக்கிறான். அது எப்படித் தப்பாகும்?"

2023 தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே கல் நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் வழக்கறிஞர் அலுவலகங்களுக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளராக ஓடியாடி ஓய்ந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் சட்டம் படித்தவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போயிற்று. அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது இப்படி ஒன்று நேர்ந்தால் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

அவருடைய மகனுக்கு வயது 24. தேசிய சேவை முடித்து, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். மூன்று கூட்டாளிகளோடு நான்கு இரவு பேங்காக் போய்வந்திருந்தான். (அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வழக்கின் போக்கை மாற்றவில்லை.)

நடந்தது இதுதான். மூன்றாவது இரவு, தங்குவிடுதிக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பிஸ்கட் வாங்கினார்கள். பாதியைத் தின்றான். ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து மீதிப் பாதியையும் தின்றான். புகைத்தால் சில நிமிடத்தில் தலைக்கு ஏறும் கஞ்சா, வயிற்றுக்குள் போனால் ஈரல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஒரு மணி, இரண்டு மணி கழித்துத்தான் வேலையைக் காட்டும். அந்த விவரம் கடைக்காரனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. மறுநாள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாள் விமானம் ஏறினான். பையில் ஒரு துளிகூட இல்லை. பையைத்தான் திறந்து பார்ப்பார்கள், பையில் ஒன்றும் இல்லை, அப்புறம் என்ன பயம் என்பது அவன் கணக்கு.

சாங்கி விமான நிலையத்தில் அவனை ஓரமாக வரச்சொன்னார்கள். சிறுநீர் கேட்டார்கள்.

அந்த அறையைப் பற்றி அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வழக்கு முழுக்க அந்த அறையில்தான் இருக்கிறது. "குழாய்த் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு வயிறு உப்பிப்போச்சு அங்கிள். வரவே மாட்டேங்குது. ஆபீசர் கத்தல, திட்டல. நின்னுக்கிட்டே இருந்தாரு." முதலில் உடனடிப் பரிசோதனை. அதில் கஞ்சா என்று காட்டியது. மீதியை இரண்டு குப்பிகளில் பிரித்து, அவன் கண்ணெதிரே மூடி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு குப்பியும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்குப் போகும். இரண்டு வெவ்வேறு ஆய்வாளர்கள் தனித்தனியே சோதிப்பார்கள். இருவர் முடிவும் ஒன்றாக இருந்தால், தெரிந்தே உட்கொண்டான் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு.

அன்றிரவு அவன் வீட்டுக்கு வரவில்லை.

அம்மாவின் கேள்விக்கு வருவோம். தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது உண்மை. அங்கே வாங்கியது அங்கே குற்றமில்லை. ஆனால் சிங்கப்பூர்ச் சட்டத்தில் 8ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1998-ல் சேர்த்தது. சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ உலகத்தில் எங்கே போய்ப் போதைப்பொருள் உட்கொண்டாலும், இங்கே உட்கொண்டதாகவே வைத்து நடவடிக்கை எடுக்கலாம். உட்கொண்ட குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறை, 20,000 வெள்ளி அபராதம், அல்லது இரண்டும்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது: "அம்மா, கடை அந்த ஊர்ல இருக்கு. ஆனா பாஸ்போர்ட் இந்த ஊரு. இந்தச் சட்டம் இடத்தைப் பார்க்காது, ஆளைப் பார்க்கும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் மருந்து. லேகியத்துல போடுவாங்க. இப்ப தூக்குல போடுறாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று பார்த்தால்தான் இந்தப் பையனின் வழக்கு விளங்கும்.

சித்த வைத்தியத்தில் கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி என்று பெயர், சித்தர் கோரக்கரை வைத்து. சிவமூலி என்பார்கள், பங்கி என்பார்கள். ஆயுர்வேதத்தில் அதற்கு விஜயா என்று பெண் பெயர் மாதிரி ஒரு பெயர். இலையை அரைத்தால் பங்கு, பூக்கும் நுனி கஞ்சா, பிசினைத் திரட்டினால் சரஸ். ஒரே செடிதான், ஆனால் வீரியம் வேறு வேறு. பிற்காலச் சட்டங்கள் பல இந்த மூன்று பிரிவின் மேலேயே கட்டப்பட்டவை. பெயரும் கப்பலேறிப் போயிருக்கிறது. மலாயில் கஞ்சா, தாய் மொழியில் கஞ்சா. ஜமைக்காவில்கூட கஞ்சாதான், 1845 முதல் அங்கே போன இந்தியக் கூலிகள் கொண்டுபோன சொல். மேற்கத்திய மருத்துவத்துக்குள் அதைக் கொண்டுபோனவர் வில்லியம் ஓஷாக்னசி என்ற அயர்லாந்து மருத்துவர். கல்கத்தாவில் ஜன்னி, வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1839-ல் கட்டுரை எழுதினார்.

தடை முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடினால் நம் ஆட்கள்தான் வந்து நிற்கிறார்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது. கரும்புத் தோட்ட வேலை. பத்தே ஆண்டில், 1870-ல், நேட்டால் அரசு கூலிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டது. எந்தக் கூலியும் கஞ்சாச் செடியின் எந்தப் பாகத்தையும் புகைக்கக்கூடாது, வைத்திருக்கக்கூடாது. கூலிக்கு யாரும் விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. உலகத்தின் ஆரம்பகாலக் கஞ்சாத் தடைச் சட்டங்களில் இதுவும் ஒன்று. செடி கெட்டது என்பதை விட, கூலி மறுநாள் வேலைக்கு வரவேண்டும் என்பதுதான் அதன் கவலை என்று எனக்குப் படுகிறது. அதே தென்னாப்பிரிக்காவில், 2018 செப்டம்பரில், பெரியவர்கள் தங்கள் வீட்டுக்குள் கஞ்சா வைத்துக்கொள்வதும் வளர்ப்பதும் குற்றமில்லை என்று அரசமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தியாவில் ஆங்கிலேயர் வேறு வழி போனார்கள். தடுக்கவில்லை, வரி போட்டார்கள். இலண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததும் 1893-ல் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். மருத்துவர், தாசில்தார், பாதிரியார், சாமியார் என்று யாரையும் விடவில்லை. பைத்தியக்கார விடுதிகளில் "கஞ்சாவால் பைத்தியம்" என்று எழுதிவைத்திருந்த ஏடுகளைத் திரும்பப் புரட்டி, அதில் பல எழுதியவர் ஊகம் என்று கண்டுபிடித்தார்கள். நோயாளியைக் கொண்டுவந்து விட்ட காவலர் வாயில் வந்த காரணம் அப்படியே ஏட்டில் ஏறியிருந்தது. 1894-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையின் சாரம்: அளவாகப் பயன்படுத்தினால் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு, முற்றாகத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும். வரி வசூலிக்கிற அரசு நியமித்த குழு வேறு என்ன சொல்லும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த சந்தேகம் நியாயமானதுதான். ஆனாலும் அந்த ஏடுகளைத் திரும்பப் புரட்டிய வேலை இருக்கிறதே, அதைச் செய்யும் பொறுமை பிறகு வந்தவர்கள் பலருக்கு இல்லை.

அந்த அறிக்கை அலமாரிக்குப் போயிற்று. 1924-25-ல் ஜெனீவாவில் அபின் மாநாடு நடந்தபோது எகிப்தின் பிரதிநிதி கஞ்சாவையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தார்கள். 1937-ல் அமெரிக்கா வரி என்ற பெயரில் தடை போட்டது. 1961-ல் ஐக்கிய நாடுகளின் ஒற்றை உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. அப்போதும் இந்தியா பேரம் பேசியது. கடைசியில் இலை மட்டும் உடன்படிக்கையின் வரையறைக்கு வெளியே நின்றது. அதனால்தான் 1985 இந்தியச் சட்டத்தில் கஞ்சா குற்றம், பங்கு குற்றமில்லை. ராஜஸ்தானில் அரசு உரிமத்தோடு பங்குக் கடை இன்றைக்கும் நடக்கிறது. ஒரே செடியின் பூ சிறைக்கு, இலை கடைக்கு.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். இங்கேயும் ஆரம்பம் வரிதான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் இந்தத் தீவின் வருமானத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். அபின் குத்தகை, சாராயக் குத்தகை, வெற்றிலைக் குத்தகை. அந்த வரிசையில் கள்ளும் பங்கும் சேர்ந்து ஒரு குத்தகை. கள்ளும் பங்கும் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. இந்தியச் சிப்பாய், இந்தியக் கைதி, இந்தியக் கூலி. ஆனால் அது சில்லறை. பெரிய பணம் அபினில் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி அபினிலிருந்தே வந்தது. 1910-ல் குத்தகையை ஒழித்து அரசே நேரடியாக விற்க ஆரம்பித்தது. பாசிர் பாஞ்சாங்கில் புக்கிட் சண்டு என்று ஒரு குன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே 1942-ல் ஜப்பானியரோடு நடந்த போரைப் பற்றிச் சொல்ல அழைத்துப்போவார்கள். சண்டு என்றால் காய்ச்சிப் பதப்படுத்திய அபின். குன்றடியில் அரசாங்க அபின் ஆலை இருந்ததால் வந்த பெயர். அங்கே தராசில் நிறுத்து, சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, அரசாங்கமே விற்றது.

தராசு என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து, 1946-ல் அபினுக்குத் தடை. 1951-ல் ஆபத்தான போதைப்பொருள் சட்டம், அதில் கஞ்சாவும் அடக்கம். ஆனால் அறுபதுகளின் கடைசி வரை கஞ்சா இங்கே பெரிய பேச்சில்லை. அப்புறம் நீளமுடி இளைஞர்கள், எம்.எக்ஸ். என்ற போதை மாத்திரை, கஞ்சாப் பொட்டலம் என்று ஒரு அலை வந்தது. நீளமுடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டி தொங்கிய காலம் அது. இன்று நினைத்தால் சிரிப்பு வரும். 1971-ல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு. 1973-ல் இன்றைய போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம்.

ஆனால் சட்டத்தை இன்றைய வடிவத்துக்கு இறுக்கியது கஞ்சா அல்ல, ஹெராயின். 1972-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஹெராயின் கைதுகள் 1975-ல் ஈராயிரத்தைத் தாண்டின. என் வயதுக்காரர்களுக்கு அது எண்ணிக்கை இல்லை, பக்கத்து வீடு. மாடிப்படி இடுக்கில் ஊசியோடு கிடந்தவர்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். 1975-ல் அப்போதைய உள்துறை அமைச்சர் சுவா சியான் சின் கொண்டுவந்த திருத்தம் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு என்றது. அந்தக் கடுமையை இந்த ஊர் ஏன் ஏற்றுக்கொண்டது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கும்போது, நான் அந்த மாடிப்படியைத்தான் சொல்வேன்.

கஞ்சாவுக்குத் தூக்கு வந்தது இன்னும் பதினைந்து ஆண்டு கழித்து, 1990-ல். 500 கிராம் என்று கோடு.

இப்போது கணக்கு இப்படி. 15 கிராமுக்கு மேல் கஞ்சா கையில் இருந்தால் விற்கத்தான் வைத்திருக்கிறாய் என்று சட்டம் அனுமானிக்கும். கடத்தியது 330 கிராமுக்குக் கீழே என்றால் குறைந்தது 5 ஆண்டுச் சிறை, 5 பிரம்படி. 330-லிருந்து 500 வரை குறைந்தது 20 ஆண்டு, 15 பிரம்படி. 500-ஐத் தாண்டினால் தூக்கு. 2013 முதல், சரக்கை வெறுமனே எடுத்துச்சென்றவர் மட்டுமே என்று நிரூபித்து, ஒழிப்புப் பிரிவுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பும் சான்று கொடுத்தால், ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. மனநலக் குறைபாடு உள்ளவருக்கும் ஒரு விலக்கு உண்டு.

குற்றப்பத்திரிகைகளில் நான் அடிக்கடி வாய்விட்டுப் படித்துச் சொன்ன ஒரு எண் உண்டு: "499.9 கிராமுக்குக் குறையாத கஞ்சா." பிடிபட்டது ஒரு கிலோவாகக்கூட இருக்கலாம். அரசுத் தரப்பு குற்றச்சாட்டைக் குறைத்துக்கொண்டால் அந்த எண் எழுதப்படும். அந்த 0.1 கிராம் என்பது ஒரு ஆள். முதல் முறை அதை மொழிபெயர்த்தபோது எதிரே இருந்தவர் கணக்குத் தப்பு என்று நினைத்து, "சார், நான் அதைவிட ஜாஸ்தி வச்சிருந்தேன்" என்றார். வழக்கறிஞர் அவர் கையை அழுத்திப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

இன்னொரு சொல் பல ஆண்டு என்னைத் தொல்லைப்படுத்தியது. 1993-ல் சட்டத்தில் 'கஞ்சாக் கலவை' என்று ஒன்றைச் சேர்த்தார்கள், 1,000 கிராமுக்கு மேல் போனால் தூக்கு. மலேசியாவிலிருந்து வரும் சரக்கு பெரும்பாலும் செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாக இருக்கும். ஆய்வாளர் அதை உடைத்தால் இலையும் பூவும் அடையாளம் தெரிகிற துண்டுகள் ஒரு பக்கம், நொறுங்கிய தூள் ஒரு பக்கம். துண்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கஞ்சா என்று உறுதிசெய்யலாம். தூளை ஒவ்வொரு துகளாகச் சோதிக்க முடியாது, ஆனால் மொத்தமாகச் சோதித்தால் கஞ்சாவின் வேதிப்பொருள்கள் இருக்கும். எனவே துண்டுகளுக்குக் கஞ்சா என்று ஒரு குற்றச்சாட்டு, தூளுக்குக் கஞ்சாக் கலவை என்று இன்னொன்று. ஒரே கட்டி, இரண்டு வழக்கு.

இதைத் தமிழில் சொல்லும்போது ஒரு முறை லாரி ஓட்டுநர் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கலவைன்னா சிமெண்டுக் கலவை மாதிரியா சார்? நான் எதையும் கலக்கலையே." நான் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். அறையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் நீண்ட தீர்ப்பு ஒன்று தந்தது. கஞ்சாக் கலவை என்றால் கஞ்சாவோடு வேறு தாவரப் பொருளைச் செயற்கையாகக் கலந்தது. ஒரே கட்டியை உடைத்துப் பகுதி கஞ்சா, மீதி கலவை என்று இரட்டைக் குற்றச்சாட்டு போடுவது சரியில்லை. இத்தனை ஆண்டு நடைமுறை அதோடு நின்றது. ஓட்டுநர் கேட்ட கேள்வியைத்தான் நீதிமன்றமும் கேட்டது என்று எனக்குத் தோன்றியது. ஒருவர் தன் தாய்மொழியில் கேட்கிற எளிய கேள்வியைச் சிரித்துத் தள்ளக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன், கொஞ்சம் தாமதமாக.

இந்தப் பையன் பிடிபட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2023 ஏப்ரல் 26 அன்று சாங்கி சிறையில் 46 வயதுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை. கொண்டுவந்தவரோடு தொடர்பு கொண்ட தொலைபேசி எண்கள் அவருடையவை என்று அரசுத் தரப்பு நிறுவியது. வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் உரைபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்று அவர் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெளிநாடுகளிலிருந்து கருணை கேட்டு எழுந்த குரல்களுக்கு அரசாங்கம், வழக்கு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது, உரிய முறைப்படி நடந்தது என்று பதிலளித்தது. மூன்று வாரம் கழித்து, ஒன்றரைக் கிலோ கஞ்சா வழக்கில் இன்னொருவர்.

அந்த வாரம் முழுக்க எங்கள் கோப்பிக்கடையில் இதுதான் பேச்சு. "தெரிஞ்சுதானே செஞ்சான்" என்றார் ஒருவர். "கனடாவுல அரசாங்கமே விக்குது" என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மை. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் பெரியவர்கள் சட்டப்படி வாங்கலாம். அதற்கு முன்பே உருகுவே. பின்னால் ஜெர்மனி, 2024 ஏப்ரலில். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் 200 கிராம் வைத்திருந்தால் கடத்தல் என்று அனுமானம், ஆனால் 2023-ல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள். தாய்லாந்தோ திறந்துவிட்ட மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் பூ விற்கக்கூடாது என்று பாதிக் கதவை மூடியது. சிங்கப்பூர் அசையவில்லை. வலிப்பு நோய்க்கு வேறெந்த மருந்தும் கேட்காதவர்களுக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தைக் கடும் கண்காணிப்போடு அனுமதித்திருக்கிறது, ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்வதற்கான ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறது. புகைக்கிற கஞ்சாவைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு இதில் இரண்டு மனம். மாடிப்படியில் கிடந்தவர்களைப் பார்த்தவன் நான், அதனால் கடைபோட்டு விற்பதை என்னால் கைதட்டி வரவேற்க முடியாது. பதின்ம வயதில் தொடங்கினால் மூளைக்குக் கேடு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஹெராயினுக்காகக் கட்டிய தூக்குமரத்தில் கஞ்சாவுக்கும் ஒரு கொக்கி மாட்டியது எந்தக் கணக்கில் என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. 1910-ல் நிறுத்து விற்ற தராசுதான் இன்று நிறுத்துத் தண்டிக்கிறது. நேட்டாலில் கூலிக்குக் கூடாது, ராஜஸ்தானில் இலைக்கு ஆகும், இங்கே 500-க்கு மேல் உயிர் இல்லை. செடி என்ன செய்யும் என்ற கேள்வியை அந்த 1894 குழு கேட்டது. மற்றவர்கள் பெரும்பாலும் யார் கையில், எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

பையனின் வழக்கு மரண தண்டனைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. அது வேறு வாசல். இரண்டு ஆய்வாளர்களின் முடிவும் ஒன்றாக வந்தது. முதல் முறை, வேறு குற்றம் எதுவும் இல்லை, வேலை இருக்கிறது, வீட்டில் தாய் இருக்கிறார், ஆபத்துக் குறைவானவன் என்று மதிப்பிட்டார்கள். மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பாமல் கண்காணிப்பு ஆணை கொடுத்தார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 5 ஆண்டு வரை நீளலாம். ஆலோசனைக்குப் போகவேண்டும், குறித்த நாளில் போய்ச் சிறுநீர் கொடுக்கவேண்டும், தவறினால் அதுவே தனிக் குற்றம். மீண்டும் மீண்டும் பிடிபட்டு நீதிமன்றம் வரை போனால் நீண்டகாலச் சிறையும் பிரம்படியும் காத்திருக்கும்.

தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு முறை. வேலையிடத்தில் என்ன காரணம் சொல்வது என்பதுதான் அவனுக்குப் பெரிய தலைவலி. பல்வலி என்றான், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றான். கடைசியில் மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னான். அவர் சீனர், அறுபதை நெருங்கியவர். ஒன்றும் கேட்காமல் செவ்வாய், வெள்ளி காலை ஷிப்டை மாற்றிக் கொடுத்தாராம். கூடப் போன மூன்று கூட்டாளிகளில் இருவர் இவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களை யாரும் ஓரமாக வரச்சொல்லவில்லை.

அம்மாதான் முற்றிலும் மாறிப்போனார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது பேங்காக் போகிறேன் என்றால் மின்தூக்கியிலேயே நிறுத்தி 8ஏ பிரிவைச் சொல்லிவிடுகிறார். கோயிலில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள், "யாரு அந்த வக்கீல் அம்மா?" என்று என்னிடம் விசாரித்தார்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் மறுபடி என் கதவைத் தட்டினார். கையில் போன். சென்னையிலிருந்து அவருடைய அக்கா வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஜீரணத்துக்கு, தூக்கத்துக்கு நல்ல லேகியம், அங்கே மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது, வெள்ளிக்கிழமை கிளம்புகிற மருமகனிடம் கொடுத்துவிடவா என்று கேட்டிருந்தார். டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்து.

"கண்ணாடி போட்டும் தெரியல அண்ணே. ஒவ்வொண்ணா படிங்க."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஜாதிக்காய், ஏலம், கசகசா. ஏழாவதாக இருந்த பெயரில் விரல் நின்றது. விஜயா.

"அது யாரு?" என்றார்.

சொன்னேன். என் வாசற்படியிலேயே உட்கார்ந்து, போனை வாய்க்குக் கிட்டே வைத்து அக்காவுக்குக் குரல்செய்தி அனுப்பினார்: "அக்கா, அதைக் கொடுத்துவிடாதே. அவன் பெட்டியில ஏற்கெனவே வச்சிருந்தா, இப்பவே எடுத்து வெளியே வை."

அது போய்ச் சேர்ந்து, இரண்டு டிக்கும் நீலமாகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.